நிலமற்றோருக்குத் தாயான கிருஷ்ணம்மாள்

ஜூபிலி என்ற சொல்லை நாம் விழா என்ற பொருளிலேயே வழங்கி வருகிறோம். கொடியேற்றம், தோரணம், சப்பரம், ஆயர் பெருந்தகை தலைமையில் கூட்டுத் திருப்பலி, அன்பின் விருந்து, கடைசியில் இம்மலர். இவையாவும் வேண்டியவையே. ஆயினும் இச்சொல் பிறந்த இடமாகிய லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்தை நம் பங்கு மக்கள் ஒருமுறை எடுத்து வாசித்துப் பார்க்க வேண்டும். அங்கே ஜூபிலி என்பது முதலாவதாக நிலத்தைப் பற்றிய சட்டம். ஐம்பதாம் ஆண்டிலே எக்காளம் ஊத வேண்டும். வறுமையினால் நிலத்தை விற்றவன் தன் நிலத்துக்குத் திரும்ப வேண்டும். தன்னையே விற்றவன் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். நிலம் ஆண்டவருடையது; மனிதர் அதில் தங்கிப் போகிறவர்களே என்பதுதான் அச்சட்டத்தின் அடித்தளம். இஸ்ரயேல் மக்கள் இதனை எவ்வளவு தூரம் நடைமுறையில் கைக்கொண்டார்கள் என்பது பற்றி விவிலிய அறிஞர்களுக்குள்ளேயே ஐயம் உண்டு.

ஆனால் நமது மலையின் அடிவாரத்திலே பிறந்த ஒரு பெண்மணி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, அன்றாடம் உழைத்துக்கொண்டே, ஏறக்குறையப் பதின்மூவாயிரம் குடும்பங்களுக்கு இந்த ஜூபிலிச் சட்டத்தைக் கையில் பத்திரமாகவே கொடுத்தார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். மாலை வேளையில் விளக்கேற்றி, வள்ளலார் காட்டிய அருட்பெருஞ்சோதியை நினைத்துத் தொழுகிறவர். கிறிஸ்தவர் அல்லாத ஒருவரைப் பற்றிப் பங்கு மலரில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல சமாரியனை உவமையாக எடுத்துச் சொன்ன நம் ஆண்டவர் அக்கேள்விக்கு முன்னரே விடையளித்துவிட்டார் என்றே நான் கருதுகிறேன்.

மன்னவனூரிலிருந்து பூம்பாறை வழியாகக் கொடைக்கானல் சென்று, அங்கிருந்து பெருமாள்மலை, ஊத்து என்று காட் ரோட்டில் இறங்கினால் சமவெளியில் நாம் கால் வைக்கும் ஊர் வத்தலக்குண்டு. நம் உருளைக்கிழங்கும் பீன்ஸும் காரட்டும் மலைப்பூண்டும் லாரி ஏறி இறங்கும் வழி அது. அந்த வத்தலக்குண்டுக்கு அருகே பட்டிவீரன்பட்டி இருக்கிறது. கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டக்காரர்கள் வாழ்ந்த செல்வச் செழிப்புள்ள ஊர். அதை அடுத்த அய்யன்கோட்டையில் 1926ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் கிருஷ்ணம்மாள் பிறந்தார். நிலம் ஏதும் இல்லாத, தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கி வைத்த குடும்பம். தந்தையார் இராமசாமி, தாயார் நாகம்மாள்.

இக்கட்டுரையை நான் நாகம்மாளிடமிருந்தே தொடங்க வேண்டும். தந்தையார் இளம் வயதிலேயே மறைந்துவிட, பிள்ளைகள் பலரையும் காப்பாற்றும் பாரம் அந்தத் தாயின் தலையில் விழுந்தது. நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோதும் கூலி வேலையை விட முடியாமல் அவர் உழைத்ததைச் சிறுமி கிருஷ்ணம்மாள் கண்ணாரக் கண்டார். தமது வாழ்நாள் பணிக்கு விதை எங்கே விழுந்தது என்று பிற்காலத்தில் உலகத்தார் கேட்டபோதெல்லாம் அம்மையார் தாயின் அந்த உழைப்பையே சுட்டிக்காட்டினார். காந்தியடிகளும் வினோபாவும் அவருக்குப் பின்னால் கிடைத்த குருக்கள். முதற் குரு, கூலிக்குப் போய் வந்த தாய். மன்னவனூர்ப் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உறைபனி விலகுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அடுக்குப் பாத்தியில் பூண்டு ஊன்றவும் களை எடுக்கவும் போய், இருட்டிய பிறகு விறகோடு திரும்புகிற தாய்மார் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்களில் எத்தனை பேர் அடுத்தவர் பாத்தியில் நிற்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட வீட்டுப் பெண் படிப்பதென்பது அக்காலத்தில் கனவிலும் நடவாத காரியம். அது நடந்ததற்குக் காரணம் இன்னொரு பெண்மணி. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம் அம்மையார் அவர். இளவயதிலேயே விதவையானவர். விதவையை மூலையில் உட்கார வைக்கும் அந்தக் காலத்தில் டில்லி சென்று மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். 1940இல் காந்தியடிகளின் ஆசியோடு கேரளத்தைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். மதுரையில் ஏழைப் பெண்களுக்கு அவர் ஆதரவளித்துப் படிக்க வைத்தார்; அவர்களில் ஒருவர் கிருஷ்ணம்மாள். 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களும் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவருமே. தாமே துன்பத்தில் விழுந்து எழுந்த ஒருத்தி இன்னொருத்திக்குக் கைகொடுக்கும் சங்கிலி இவ்வரலாறு முழுவதும் ஓடுகிறது.

1946ஆம் ஆண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் மதுரைக்கும் பழனிக்கும் வந்தார். தாழ்த்தப்பட்டோரை உள்ளே விடாத கோவிலுக்குள் தாமும் நுழைவதில்லை என்றிருந்தவர், 1939இல் வைத்தியநாத அய்யர் முன்னின்று மீனாட்சியம்மன் கோவிலை எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு, அதற்குள் சென்று வணங்கிய பயணம் அது. அப்போது இருபது வயது நிரம்பாத கிருஷ்ணம்மாளுக்கு அடிகளோடு ஒரே மேடையில் இருக்கும் பேறு கிடைத்தது.

ஜெகந்நாதன் என்ற இளைஞரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இராமநாதபுரம் சீமையில் செங்கப்படை என்ற ஊரில் 1914ஆம் ஆண்டு வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1930இல் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் சிறை சென்றார். அவரோடு இணைந்து பணியாற்றியவர்களில் கைத்தான் என்ற அமெரிக்க மிஷனரியும் ஒருவர். நம் சபையைச் சேராத புராட்டஸ்டண்டு குருவான அவரை, இந்திய விடுதலைக்கு ஆதரவு காட்டினார் என்பதற்காக வெள்ளையர் அரசு இருமுறை நாட்டைவிட்டு வெளியேற்றியது. நாடு விடுதலை பெற்றபின் திரும்பி வந்து காந்திகிராமத்தில் பணி செய்தார்.

ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் சுதந்திர இந்தியாவில்தான் திருமணம் செய்துகொள்வோம் என்று உறுதி பூண்டிருந்தனர். 1950ஆம் ஆண்டு ஜூலை மாதம் அத்திருமணம் நடந்தது. செல்வக் குடும்பத்துப் பிள்ளையும் கூலிக்காரத் தாயின் மகளும் சாதி பாராமல் இணைந்த திருமணம். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த காரியம் இது. இன்றைக்கும் நம் பங்குகளில் கல்யாணப் பேச்சு எந்தக் கேள்வியில் தொடங்குகிறது என்பதை வாசகர்கள் தங்களுக்குள் நினைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். கோவிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்த வரலாறு தமிழ்நாட்டுத் திருச்சபைக்கும் உண்டு. அதை மறைத்துவிட்டு அடுத்தவர் தியாகத்தை மட்டும் புகழ்வது முறையாகாது.

திருமணம் முடிந்த கையோடு கணவர் வடக்கே சென்றார். தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் 1951 ஏப்ரல் 18ஆம் நாள் வினோபா பாவே பூமிதான இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். ஊர் ஊராக நடந்து, நிலமுடையோரிடம், என்னை உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனாக எண்ணி ஆறில் ஒரு பங்கைக் கொடுங்கள் என்று கேட்ட இயக்கம். ஜெகந்நாதன் வினோபாவோடு நடந்தார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். கணவர் தமிழகம் திரும்பியதும் 1953இலிருந்து இருவரும் ஒன்றாக இப்பணியில் இறங்கினர். 1956ஆம் ஆண்டில் வினோபாவே தமிழகம் வந்து மாதக்கணக்கில் நடந்தார். பழைய மதுரை மாவட்டத்தில், குறிப்பாக வத்தலக்குண்டு வட்டாரத்தில், ஊர் முழுவதையும் பொதுவாக்கும் கிராமதான இயக்கம் வேரூன்றியது.

இந்த ஆண்டுகளில்தான் அம்மையார் ஒரு மகனையும் ஒரு மகளையும் பெற்றெடுத்தார். பூமியின் பெயரையே மகனுக்குச் சூட்டினார்கள். கணவர் நடைப் பயணத்தில் இருப்பார். இல்லையேல் சிறையில் இருப்பார். சொந்தமாக வீடில்லை, நிலமில்லை. ஊருக்கெல்லாம் நிலம் வாங்கிக் கொடுத்த தம்பதியர் தமக்கென்று ஒரு குழி நிலமும் தேடிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் இருவரும் பிற்காலத்தில் மருத்துவர்களானார்கள். இந்த ஒரு வரியில் எத்தனை இரவுகள் அடங்கியிருக்கும் என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்கே தெரியும். பொதுத்தொண்டு செய்த ஆண்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வீட்டில் உலை வைத்தது யார் என்று கேட்பதில்லை. ஒரு பெண்ணின் தொண்டை எழுதும்போது மட்டும் பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்று கேட்கிறோம். கேட்கட்டும், ஆனால் இருவரிடமும் கேட்க வேண்டும்.

பூமிதானத்தில் நாடு முழுவதும் சுமார் 40 லட்சம் ஏக்கர் தானமாக வந்தது என்பது கணக்கு. அதில் கணிசமான பகுதி பாறையும் கரம்பும், வழக்கில் கிடந்த நிலமும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கொடுத்தவர் மனம் மாறி, வாங்கியவர் ஏமாந்த ஊர்களும் உண்டு. தானம் கேட்டு மட்டும் நிலம் வராது, போராடவும் வேண்டும் என்று இத்தம்பதியர் உணர்ந்தது அனுபவத்தினால்தான். மதுரை மாவட்டத்திலேயே சத்தியாக்கிரகம் செய்து பலமுறை சிறை புகுந்தார் ஜெகந்நாதன்.

கிறிஸ்து பிறப்பு இரவில் எரிந்த குடிசை

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள். நமது கோவில்களில் குடில் அமைத்து, நள்ளிரவுத் திருப்பலி கண்டு, மாட்டுத்தொழுவத்தில் பிறந்த பாலனை முத்தம் செய்து மகிழ்ந்த அதே நாளின் இரவிலே, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கீழ்வெண்மணி என்ற சிற்றூரில் நாற்பத்து நான்கு பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். எல்லோரும் தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிகளின் குடும்பத்தார். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதல். செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்தார்கள் என்பது நிலச்சுவான்தார்களின் கோபத்துக்கு இன்னொரு காரணம். வன்முறைக்கு அஞ்சி இராமையா என்பவரின் சின்னஞ்சிறு குடிசையில் போய் ஒளிந்தவர்கள் அங்கேயே கருகிப் போனார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்துவிட்டது.

தஞ்சைக் கூலிகளின் விடுதலைக்கு முதலில் வழி வெட்டியவர்கள் பொதுவுடைமை இயக்கத்தினர். பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1940களிலிருந்தே சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக அம்மக்களை நிமிர்ந்து நிற்க வைத்தவர்கள். நாம் ஒத்துக்கொள்ளாத கொள்கைகள் அவர்களிடம் இருக்கலாம். ஆனால் அந்த மக்கள் அடிபட்ட காலத்தில் பக்கத்தில் நின்றவர்கள் அவர்களே என்ற உண்மையை நேர்மையுள்ள எவரும் மறுக்க முடியாது.

செய்தி கேட்ட கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் தங்கள் பணியைத் தஞ்சை மாவட்டத்துக்கே மாற்றிக்கொண்டார்கள். சற்று யோசித்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய வயது. வளர்ந்துவரும் பிள்ளைகள். சொந்த மாவட்டத்தில் பழகிய மனிதர்கள், பழகிய பணி. இவற்றையெல்லாம் விட்டு, அச்சத்தால் வாயடைத்துக் கிடக்கும் வயல்வெளிக்குப் போக வேண்டும். ஆயினும் அம்மையார் போனார். ஆறுதல் சொல்லித் திரும்பி வர அல்ல, தங்கி வாழ.

அங்கே கண்டது என்ன? தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்தது; 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. ஏட்டில் நல்ல சட்டம். ஆனால் நிலங்கள் பினாமி பெயரிலும், கோவில் பெயரிலும், அறக்கட்டளை பெயரிலும் பத்திரமாக இருந்தன. இப்படி மறைந்து கிடந்த நிலங்களை உழுகிறவர்களுக்கு மீட்டுக் கொடுக்க வலிவலம் முதலிய ஊர்களில் சத்தியாக்கிரகம் நடந்தது. பெண்கள் முன்னே நின்றார்கள். சிறைக்குப் போனார்கள். அவர்களுக்கு முன்னே அம்மையார் நின்றார்.

1970களில் இத்தம்பதியரின் பணி பீகாருக்கும் நீண்டது. ஜெயப்பிரகாஷ் நாராயணனின் இயக்கத்தில் சேர்ந்த ஜெகந்நாதன் 1975 நெருக்கடி நிலையில் சிறைப்பட்டார். புத்தகயையில் பெரும் மடமொன்றின் நிலங்களை அதில் பாடுபட்ட கூலிகளுக்கே பெற்றுத்தரும் போராட்டத்தில் கிருஷ்ணம்மாளும் பங்குகொண்டார். மொழி தெரியாத ஊரில் இந்தத் தமிழ்ப் பெண்மணி கூலிக்காரப் பெண்களோடு உட்கார்ந்து எப்படிப் பேசியிருப்பார் என்று நான் வியந்ததுண்டு. பசிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை போலும்.

ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர்

1981ஆம் ஆண்டு இருவரும் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். லாப்டி என்று ஆங்கில எழுத்துகளால் சுருக்கி அழைக்கப்படுவது இதுதான். இதன் வழிமுறையை நம் மக்கள் நன்கு புரிந்துகொள்ள வேண்டும். அதனால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

டெல்டாவில் பல நிலச்சுவான்தார்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்து, நிலத்தை விற்றுவிடும் எண்ணத்தில் இருந்தனர். கூலிகளிடம் உழைப்பு இருந்தது, பணம் இல்லை. வங்கியிடம் பணம் இருந்தது, ஆனால் சொத்துப் பத்திரம் இல்லாதவனுக்குக் கடன் இல்லை. நிலம் இருந்தால் கடன் கிடைக்கும். கடன் கிடைத்தால் நிலம் கிடைக்கும். இரண்டும் இல்லாதவன் நடுவிலே நின்றான். அம்மையார் செய்தது இம்மூவரையும் ஒரே பாயில் உட்கார வைத்ததுதான். நிலக்காரரிடம் நியாயமான விலை பேசுவது, வங்கியில் கடனுக்கு வழி செய்வது, கூலிக் குடும்பங்களைக் குழுவாகச் சேர்த்துக் கூட்டாகப் பயிரிடச் செய்வது, விளைச்சலிலிருந்து கடனை அடைக்கச் செய்வது. கேட்பதற்கு எளிது. ஆரம்பத்தில் வங்கிகள் கைவிரித்தன. ஏழைகள் வாங்கும் நிலத்துக்கும் முத்திரைத்தாள் கட்டணம் மலைபோல் நின்றது. அலுவலகம் அலுவலகமாகப் படியேறி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, இந்தத் தடைகளை அவர் ஒவ்வொன்றாக விலக்கினார். பின்னர் மத்திய அரசே இம்முறையைத் தன் திட்டத்தில் ஏற்றுக்கொண்டது.

நிலம் பெண்ணின் பெயரில் பதிவாக வேண்டும் என்பதில் அம்மையார் உறுதியாக இருந்தார். இதன் காரணம் நம் ஊர்த் தாய்மார்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆண் பெயரில் இருக்கும் நிலம் சாராயக் கடைக்கும் வட்டிக் கடைக்கும் போய்ச் சேர அதிக நாளாகாது. பெண் பெயரில் இருக்கும் நிலம் பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். எல்லா ஆண்களையும் நான் குறை கூறவில்லை. இந்தப் பங்கிலும் விதிவிலக்கானவர்கள் உண்டு.

2007ஆம் ஆண்டு வரையில் இப்படி சுமார் 13,000 ஏக்கர் நிலம் சுமார் 13,000 குடும்பங்களுக்கு மாறியது. காவிரிப் பாசனத்தில் ஓர் ஏக்கர் என்பது பணக்காரனாக்கும் சொத்தல்ல. ஆனால் விடிந்தால் யார் வாசலில் கைகட்டி நிற்பது என்ற கேள்வியை அது அழித்துவிடுகிறது. பயிர் வேலை இல்லாத மாதங்களில் சும்மா இராதபடி பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்கும் கூடங்களையும் அவர் நடத்தினார்.

இதைக் குறை கூறியவர்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தான் உழுத நிலத்தை ஏழை ஏன் காசு கொடுத்து, அதுவும் கடன்பட்டு, வாங்க வேண்டும்? சட்டப்படி பறித்துக் கொடுப்பதல்லவா நியாயம் என்று கேட்டார்கள். கேள்வி சரியானதே. ஆனால் சட்டம் வந்து இருபது ஆண்டுகள் ஆகியும் உலையில் அரிசி ஏறாத வீட்டைப் பார்த்தவர் அம்மையார். நியாயம் முழுவதும் வந்து சேரும்வரை பிள்ளைகளைப் பட்டினி போட எந்தத் தாய்க்கும் மனம் வராது. அரை நியாயத்தை இன்றைக்கு வாங்கிக்கொண்டு, மீதியை நாளைக்குக் கேட்கலாம் என்று அவர் முடிவு செய்ததை நான் குறையாக எண்ணவில்லை.

நமது திருச்சபையின் போதனைக்கும் இது தூரமானதன்று. தொழிலாளர் உரிமையைப் பற்றிப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் சுற்றுமடல் வெளியிட்டார். பொதுநலனுக்குத் தடையாகக் கிடக்கும் பெரும் நிலவுடைமைகளை எடுத்துக்கொள்ள வேண்டிய நிலை சில வேளைகளில் வரும் என்று பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் 1967ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். அம்மடல் வெளிவந்து இரண்டு ஆண்டு நிறைவதற்குள் வெண்மணி எரிந்தது. மடலை நாம் வாசித்தோமா என்பது வேறு கேள்வி.

உப்பு நீரும் நெல் வயலும்

எழுபதை நெருங்கும் வயதில் எவரும் ஓய்வைத்தான் தேடுவர். 1992ஆம் ஆண்டு முதல் அம்மையாருக்குப் புதிய போராட்டம் வந்து சேர்ந்தது. நாகைக் கடற்கரையோரம் பெரிய கம்பெனிகள் நெல் வயல்களை வாங்கிக் குளம் வெட்டி, கடல்நீரை நிரப்பி, இறால் வளர்க்கத் தொடங்கின. இறால் வெளிநாட்டுக்குப் போயிற்று. உப்பு உள்ளூரில் தங்கிவிட்டது. பக்கத்து வயல் உவரானது. குடிநீர்க் கிணறு கரித்தது. நடவுக்கும் அறுப்புக்கும் ஐம்பது பெண்களைக் கூப்பிட்ட நிலத்தில் காவலுக்கு இரண்டு பேர் போதும் என்றாயிற்று. பாடுபட்டு வாங்கிக் கொடுத்த ஏக்கருக்கே ஆபத்து.

மீண்டும் நடைப் பயணம், உண்ணாநோன்பு, கைது. மறுபக்கம் ஜெகந்நாதன் அவர்கள் உச்சநீதிமன்றம் சென்றார். அவர் பெயராலேயே அறியப்படும் அவ்வழக்கில் 1996 டிசம்பர் 11ஆம் நாள் நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் இறால் குட்டைகள் கூடாது. உள்ளவற்றை அகற்ற வேண்டும். கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய வெற்றி. ஆயினும் 2005இல் நாடாளுமன்றம் வேறொரு சட்டம் இயற்றி இறால் தொழிலுக்கு மீண்டும் வழி செய்துவிட்டது. ஏழைகளின் வெற்றிகள் இப்படித்தான். வாங்கிய பிறகும் காவல் இருக்க வேண்டும்.

அதற்கு முந்திய ஆண்டில், 2004 டிசம்பர் 26ஆம் நாள், கடலே எழுந்து வந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் யாத்திரிகர் கூட்டம் நிறைந்திருந்த நேரம். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் மறைமாவட்டங்களிலிருந்தும் குருக்களும் கன்னியரும் இளைஞரும் உதவிக்கு ஓடினார்கள். எண்பதை எட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாள் அங்கேயே இருந்தார். ஒவ்வொரு மழைக்கும் கரைந்துபோகும் மண் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் வீடுகள் கட்டும் பணியை அந்த வயதில் தோளில் ஏற்றிக்கொண்டார். எரியாத வீடும் கரையாத வீடும் வேண்டும் என்ற ஆசை வெண்மணியைப் பார்த்தவருக்கு வராமல் இருக்குமா?

பட்டங்களும் பரிசுகளும் அவரைத் தேடி வந்தன. அவற்றை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். 1988இல் ஜம்னாலால் பஜாஜ் விருது. 1989இல் பத்மஸ்ரீ. 2008இல், மாற்று நோபல் என்று சொல்லப்படும் சுவீடன் நாட்டு விருது, கணவருக்கும் மனைவிக்கும் சேர்த்தே. அதே ஆண்டு அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள, நம் சேசு சபைக் குருக்கள் நடத்தும் பல்கலைக்கழகத்தில் ஓப்பஸ் பரிசு விழாவிலும் அவர் சிறப்பிக்கப்பட்டார். விசுவாசத்தால் உந்தப்பட்டுத் தொண்டு செய்வோரைப் போற்றும் பரிசு அது. செண்பகனூரில் 1895இல் குருமடம் கட்டி நம் மலையில் மறைப்பணியை வளர்த்த அதே சபையினர்தான், கடல் கடந்த இடத்தில், நம் அடிவாரத்துப் பெண்மணியை மேடையேற்றினார்கள். நாம் இங்கே இத்தனை அருகில் இருந்துகொண்டு அவரை அறியாமல் இருந்தோமே என்று எண்ணும்போது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

2004இல் இரண்டாம் அருள் சின்னப்பர் புனிதையாக உயர்த்திய ஜான்னா பெரேட்டா மோல்லா என்ற இத்தாலிய மருத்துவரை நம் தாய்மார் சங்கத்தினர் அறிவார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளைகளை வளர்த்து, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து, கடைசியில் வயிற்றுக் குழந்தைக்காகத் தம் உயிரைக் கொடுத்தவர். புனிதம் மடத்துச் சுவருக்குள் மட்டுமல்ல, அடுப்படியிலும் வேலையிடத்திலும் வளரும் என்பதற்குத் திருச்சபை தந்த சாட்சி அவர். அய்யன்கோட்டைப் பெண்ணைப் பீடத்தில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை. ஜான்னாவின் பக்கத்தில் நினைத்துக்கொள்ளத் தடையுமில்லை.

ஜெகந்நாதன் அவர்கள் 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் காந்திகிராமத்தில் தமது 98ஆம் வயதில் காலமானார். அறுபத்திரண்டு ஆண்டு இல்லறம். அதன் பிறகும் அம்மையார் தம் பணியை விடவில்லை. 2020ஆம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 93.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள் மாதா பிறப்புத் திருநாளுக்கு நம் மலையிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் திருவாரூரைத் தாண்டி நாகப்பட்டினம் சாலையில் கீழ்வேளூர் வழியாகத்தான் செல்கிறார்கள். வெண்மணி அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. நாற்பத்து நான்கு பெயர்களும் பொறித்த நினைவிடம் அங்கே இருக்கிறது. வண்டியை அரைமணி நேரம் திருப்பினால் போதும். கையோடு கொண்டு போகும் மெழுகுவர்த்திகளில் ஒன்றை அங்கே ஏற்றிவிட்டு, வழியில் பச்சைப் பசேலென்று தெரியும் அந்த ஏக்கர் வயல்களில் நடவு நடும் பெண்களிடம், இது யாருடைய நிலம் அம்மா என்று கேட்டுப் பாருங்கள்.